தள்ளிப்போடும் மாத்திரை, தடுத்துவைத்த மாத்திரை

பூச்சாட்டு என்றைக்கு என்று தெரிந்ததும் எங்கள் பக்கத்துப் பெண்கள் செய்கிற முதல் வேலை விரல்விட்டு எண்ணுவது. போன மாசம் என்றைக்கு வந்தது, இந்த மாசம் என்றைக்கு வரும், கம்பம் நடுவது என்றைக்கு, மாவிளக்கு என்றைக்கு. கணக்கு இடித்தால் அடுத்த வேலை மருந்துக்கடை. கோயமுத்தூரில் கோனியம்மன் தேர், சத்தியமங்கலம் பக்கம் பண்ணாரி குண்டம், ஈரோட்டில் பெரிய மாரியம்மன் பண்டிகை, தைப்பூசத்துக்குப் பழனி நடை. இவை போதாதென்று அண்ணன் கல்யாணம், சித்தப்பா வீட்டுப் புதுமனைப் புகுவிழா. வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று இடித்துக்கொண்டே இருக்கும்.

கடையில் மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. “அண்ணா, நாள் தள்ளிப்போற மாத்திரை வேணும்” என்றால் போதும். “எத்தன நாளைக்குங்க?” என்று ஒரே ஒரு கேள்வி வரும். காசு கொடுத்தால் அட்டை காகித உறைக்குள் போய்விடும். அந்த அட்டையின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு ஓடும். பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். சீட்டு எங்கே என்று என்னிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அக்காவிடம், தோழிகளிடம், கூட வேலை செய்கிறவர்களிடம் விசாரித்தேன். அவர்களிடமும் யாரும் கேட்டதில்லை.

இப்போது அதே கடையில், அதே அண்ணனிடம், ஐ-பில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்ள வேண்டிய அவசரக் கருத்தடை மாத்திரை அது. 2005 முதல் இந்தியாவில் அதை வாங்க மருத்துவர் சீட்டு தேவையில்லை. நான் கேட்ட கடைகளில் எல்லாம் இல்லை என்றுதான் பதில் வந்தது. ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இன்னொருவர் “அது தமிழ்நாட்டுல பேன் பண்ணிட்டாங்கம்மா” என்றார். மூன்றாமவர் என் கழுத்தைப் பார்த்தார், தாலி இருக்கிறதா என்று.

சீட்டு வேண்டிய மாத்திரை சீட்டில்லாமல் கிடைக்கிறது. சீட்டு வேண்டாத மாத்திரை கிடைக்கவே மாட்டேன் என்கிறது. இத்தனைக்கும் இரண்டும் ஒரே குடும்பம். முதலாவது நோரெதிஸ்டிரோன், இரண்டாவது லெவோநார்ஜெஸ்ட்ரல். பெண்ணுடலில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் வேலையைச் செய்வதற்காக ஆய்வகத்தில் உருவாக்கிய பதிலிகள் இவை. ஒன்றை ஊர் நம் கையில் திணிக்கிறது, மற்றதை ஒளித்துவைக்கிறது. இதற்கு மருத்துவத்தில் காரணம் தேடினால் கிடைக்காது. ஒன்று கோயிலின் வசதிக்கு. மற்றது பெண்ணின் வசதிக்கு. காரணம் அவ்வளவுதான் என்பது என் வாதம்.

மஞ்சள் உடல்

முதலில் அந்த ஹார்மோனைப் பார்த்துவிடலாம். மாதாமாதம் சினைப்பையிலிருந்து ஒரு முட்டை வெளியேறுகிறது. முட்டை இருந்த கூடு உடனே உலர்ந்துவிடுவதில்லை. அது மஞ்சளாகி, ஒரு சின்னச் சுரப்பியாகவே மாறிவிடுகிறது. கார்பஸ் லூட்டியம் என்று லத்தீனில் பெயர். அப்படியே தமிழில் சொன்னால் மஞ்சள் உடல். மஞ்சளுக்குப் பேர்போன ஈரோட்டுக்காரர்களுக்கும் மாரியம்மனுக்கு மஞ்சள் சேலை கட்டுகிறவர்களுக்கும் இந்தப் பெயர் மறக்காது.

இந்த மஞ்சள் உடல்தான் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. சுழற்சியின் முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரை வளர்த்து வைத்திருக்கும். புரோஜெஸ்டிரோன் வந்து அதைப் பக்குவப்படுத்தும். சுரப்பிகளில் சத்து ஏறும், ரத்தக் குழாய்கள் சுருள்சுருளாக வளரும், கருப்பைத் தசை அமைதியாகும், உடல் சூடு கொஞ்சம் கூடும். ஒரு கரு வந்தால் தங்குவதற்கான ஏற்பாடு இது. கரு ஒட்டிக்கொண்டால் மஞ்சள் உடல் தொடர்ந்து சுரக்கும். எட்டுப் பத்து வாரத்தில் நஞ்சுக்கொடி அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். கரு வராவிட்டால் ஏறக்குறைய 14 நாளில் மஞ்சள் உடல் சுருங்கிப்போகும். புரோஜெஸ்டிரோன் அளவு சட்டென்று இறங்கும். தாங்கிப் பிடித்த கை விலகியதும் உட்சுவர் உதிரும்.

நாம் தீட்டு என்கிறோமே, அது இந்த இறக்கம்தான். குழந்தைக்கு விரித்த பாயை, விருந்தாளி வரவில்லை என்று சுருட்டி வைப்பது. அந்த ரத்தத்தில் விஷமும் கிடையாது, சாபமும் கிடையாது.

தள்ளிப்போடும் மாத்திரை இந்த இடத்தில்தான் குறுக்கே வருகிறது. மஞ்சள் உடல் ஓய்ந்துவிட்ட பிறகும், வெளியிலிருந்து ஒரு செயற்கைக் கை உட்சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கும். மாத்திரையை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் அது வரும். விழா முடிந்திருக்கும். அம்மன் கோயிலின் கொடி இறங்கிய பிறகு நம் வீட்டில் சத்தமில்லாமல் நடக்கிற இன்னொரு இறக்கம்.

இதே கொங்கு நாட்டில்தான் முதல் மாதவிடாய்க்குத் தெரட்டி சீர் வைக்கிறோம். தாய்மாமன் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவருகிறார். மண்டபம் பிடித்து, ஃப்ளெக்ஸ் அடித்து, பெண்ணின் படத்தை ஊர் முச்சந்தியில் வைக்கிறோம். முதல் முறை உட்சுவர் உதிர்ந்ததை ஊரைக் கூட்டிச் சொல்கிறவர்கள், அடுத்த முறையிலிருந்து அவளை ‘தூரம்’ என்கிறார்கள். அவள் உடலில் இரண்டு முறையும் நடந்தது ஒன்றுதான்.

கிழங்கிலிருந்து வந்தது

புரோஜெஸ்டிரோனை 1934-இல் தனியாகப் பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆனால் விலங்குகளின் உறுப்புகளிலிருந்து துளித்துளியாகத்தான் கிடைத்தது. வாய்வழி கொடுத்தால் ஈரல் அதன் பெரும்பகுதியை அழித்துவிடும். 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் மெக்ஸிகோவின் காட்டு வள்ளிக்கிழங்குகளிலிருந்து அதை ஏராளமாகச் செய்ய வழி கண்டுபிடித்தார். வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடைத்த குழந்தைக்குத்தான் வள்ளி என்று பெயர் வைத்தார்கள் என்பது நம் கதை. வள்ளியின் புருஷனைப் பார்க்கப் பழனிக்கு நடக்கிற பெண், நடப்பதற்கு முன்னால் அந்தக் கிழங்கின் வழியில் வந்த மாத்திரையைப் போட்டுக்கொள்கிறாள்.

1951 அக்டோபர் 15. மெக்ஸிகோ நகரத்தில் சின்டெக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகம். கார்ல் ஜெராஸி, ஜார்ஜ் ரோஸன்கிரான்ஸ் ஆகியோரின் குழுவில் இருந்த லூயிஸ் மிராமோண்டஸ் என்ற 26 வயது இளைஞர் நோரெதிஸ்டிரோனை உருவாக்கினார். வாயில் போட்டாலும் ஈரலைத் தாண்டி வேலை செய்யும் மூலக்கூறு. 1957-இல் அமெரிக்காவில் மாதவிடாய்க் கோளாறுகளுக்கு இதை அனுமதித்தார்கள். 1960-இல் இதன் நெருங்கிய உறவான நோரெதைனோட்ரெல் சேர்ந்த எனோவிட் கருத்தடை மாத்திரையாக அனுமதி பெற்றது. ‘பில்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு அர்த்தம் வந்தது அப்போதுதான்.

அந்தச் சுதந்திரமும் சுத்தமான கைகளால் வந்ததில்லை. 1956-இல் போர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களிடம்தான் அதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். இது பரிசோதனை என்று அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. நம் பக்கத்திலும் நடந்தது. ஹைதராபாத்துக்கு அருகே படான்செருவில் 1985-இல் இதே நோரெதிஸ்டிரோனின் ஊசி வடிவமான நெட்-என், கிராமத்துப் பெண்களுக்குப் போட ஏற்பாடானது. அவர்களுக்கும் விவரம் சொல்லப்படவில்லை. ஸ்த்ரீ சக்தி சங்கடனா என்ற பெண்கள் அமைப்பு அதை எதிர்த்தது, 1986-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஹார்மோன் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு வரவேற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யாருக்காக, யாருடைய சம்மதத்தோடு என்பதுதான் எப்போதும் கேள்வி.

அந்தக் கேள்வியை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மாத்திரை வருவதற்கு முன்பே கேட்டுவிட்டார். ஈரோட்டிலிருந்து குடிஅரசு நடத்திய பெரியார், கர்ப்பத்தடையைப் பற்றி எழுதியபோது மற்றவர்கள் சொன்ன காரணங்களைத் தள்ளி வைத்தார். பெண்ணின் உடல்நலம், குடும்பச் சொத்து, நாட்டின் வறுமை என்று மற்றவர்கள் பேசினார்கள். பெண் விடுதலை பெறுவதற்காக என்று அவர் சொன்னார். அவர் ஊர்க் கடைகளில் இன்று அந்த விடுதலைக்கான மாத்திரை இல்லை. தீட்டைக் காப்பாற்றும் மாத்திரை மட்டும் உண்டு.

நாற்பது மடங்கு

“ஒரு மாத்திரைதானே, பத்து நாளைக்குத்தானே, என்ன ஆகிடும்?” இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலான பெண்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. மார்பு கனக்கும், தலை வலிக்கும், வயிறு ஊதும், எரிச்சல் வரும், நிறுத்தியபின் சிலருக்கு உதிரம் அதிகமாகப் போகும். நானும் போட்டிருக்கிறேன். பழனி மலை ஏறும்போது படியைவிடத் தலைவலிதான் அதிகம் ஞாபகமிருக்கிறது.

ஆனால் அளவைப் பாருங்கள். கருத்தடைக்காகத் தினமும் போடும் மினி-பில்லில் நோரெதிஸ்டிரோன் 0.35 மி.கி. நாள் தள்ளிப்போட வழக்கமாகச் சொல்லும் அளவு 5 மி.கி. மாத்திரை, தினம் மூன்று வேளை. ஆக 15 மி.கி. அதே மூலக்கூறு, நாற்பது மடங்குக்கு மேல். இவ்வளவு உள்ளே போகும்போது அதில் ஒரு சிறு பங்கு உடலுக்குள் எத்தினைல் ஈஸ்ட்ராடியோலாக, அதாவது சாதாரணக் கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜனாக, மாறுகிறது. அந்த ஈஸ்ட்ரோஜனுக்கு ரத்தத்தை உறைய வைக்கும் குணம் கொஞ்சம் உண்டு. காலின் ஆழத்து ரத்தக் குழாயில் கட்டி உருவாகி, அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அரிதுதான். ஆனால் யாருக்கு அந்த அரிது என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும்.

உனக்கோ வீட்டில் யாருக்காவதோ ரத்தம் கட்டியிருக்கிறதா? கண் முன்னே மின்னல் கோடு தெரிந்து ஒற்றைத் தலைவலி வருமா? ஈரல் நோய் உண்டா? மார்பில் கட்டி? காரணம் தெரியாத உதிரப்போக்கு? எடை மிக அதிகமா, புகைப்பழக்கம் உண்டா? கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா? இவ்வளவுதான், இரண்டு நிமிஷக் கேள்விகள். சிவப்புக் கோடு போட்டிருப்பதே இந்த இரண்டு நிமிஷத்துக்காகத்தான். “எத்தன நாளைக்குங்க?” என்ற கேள்வி இதில் எதையும் கேட்கவில்லை. மாத்திரை போட்டிருக்கும்போது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலோ மாவிளக்கை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. இதைத் தள்ளிப்போடுவதற்காகப் போடும்போது கருத்தடை என்று நம்பியிருக்கக் கூடாது என்பதையும் சொல்வதில்லை.

இந்த மருந்துகள் மேல் எனக்குக் கோபமில்லை. அடங்காத உதிரப்போக்கில் சோர்ந்து கிடக்கும் பெண்ணுக்கு நோரெதிஸ்டிரோன் பெரிய உதவி. சோதனைக்குழாய்க் கருத்தரிப்பில் கருவை உள்ளே வைத்த பிறகு புரோஜெஸ்டிரோன் கொடுத்துத்தான் தாங்குகிறார்கள். கருப்பைவாய் குட்டையாக இருக்கும் கர்ப்பிணிக்குக் குறைப்பிரசவத்தைத் தவிர்க்கவும் கொடுக்கிறார்கள். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்ளும் பெண்ணுக்குக் கருப்பை இருந்தால், உட்சுவரில் புற்றுநோய் வராமல் காக்க புரோஜெஸ்டிரோன் வகை ஒன்று கூடவே வேண்டும். ஓட்டப்பந்தய வீராங்கனை போட்டிக்காகத் தேதியை மாற்றிக்கொள்வதும், வலியில் துடிக்கும் பெண் பரீட்சைக்காக மாற்றிக்கொள்வதும் அவரவர் விருப்பம். மருத்துவரிடம் கேட்டுச் செய்யட்டும். அங்கெல்லாம் மருந்து பெண்ணுக்கு வேலை செய்கிறது. கோயில் மாத்திரையில் மட்டும் பெண்ணின் உடல் ஒரு விதிக்கு வேலை செய்கிறது.

‘அவளே விரும்பித்தானே போடுறா’

இதுதான் எனக்கு அடிக்கடி கிடைக்கும் பதில். விரும்பித்தான் போடுகிறாள். அவள் விரும்புவது மாவிளக்கு எடுப்பதை. தீர்த்தக்குடம் தூக்கிக்கொண்டு மற்றவர்களோடு நடப்பதை. “ஏன் வரல அம்மிணி?” என்று பத்துப் பேர் கேட்டு, அதற்குப் பத்து முறை தலை குனியாமல் இருப்பதை. அவள் முன்னால் இரண்டே வழி வைத்திருக்கிறோம்: ஒதுங்கு, இல்லாவிட்டால் மாத்திரை போடு. மூன்றாவது வழி, அப்படியே வா என்பது. அதை வைக்காமல் அவள் தேர்ந்தெடுத்தாள் என்று சொல்வது நியாயமா?

அடுத்த பதில், “அந்தக் காலத்துல பொம்பளைக்கு ஓய்வு குடுக்கத்தான் ஒதுக்கி வெச்சாங்க.” ஓய்வுதான் நோக்கம் என்றால் அது எங்கள் ஊர்ப் பஞ்சாலைகளில் அல்லவா முதலில் கிடைத்திருக்க வேண்டும்? 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலை செய்யும் நூறு பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்றால் மேற்பார்வையாளர்கள் பெயரில்லாத, உறை இல்லாத மாத்திரைகளைக் கொடுத்து வேலையைத் தொடரச் சொன்னார்கள் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். அவை ஹார்மோன் மாத்திரைகள் அல்ல, வலிநிவாரணிகள். ஆனால் ஏற்பாடு ஒன்றுதான். மில்லுக்கு வேண்டும் என்றால் வலியை அமுக்கி உள்ளே வை. கோயிலுக்கு வேண்டாம் என்றால் ரத்தத்தை அமுக்கி உள்ளே வா. அட்டை இல்லை, சீட்டு இல்லை, கேள்வி இல்லை. ஓய்வு மட்டும் எங்கேயும் இல்லை.

“அந்த நேரத்துல தொட்டா செடி வாடும், ஊறுகாய் கெடும்” என்பதற்கு விஞ்ஞான முலாம் பூசி வாட்ஸப்பில் அனுப்புகிறவர்களும் உண்டு. அவர்கள் முதல் ஆட்கள் இல்லை. 1920-இல் வியன்னாவில் பேலா ஷிக் என்ற பெரிய மருத்துவரே, மாதவிடாயிலிருந்த பெண் தொட்ட பூக்கள் வாடின என்று கண்டு, ‘மாதவிடாய் விஷம்’ ஒன்று இருப்பதாக எழுதினார். பல பத்தாண்டுகள் அந்த விஷத்தைத் தேடினார்கள். நிற்கும்படியான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. முதலில் முடிவு, பிறகு பரிசோதனை என்று போனால் பெரிய மருத்துவரும் இப்படித்தான் மாட்டிக்கொள்வார்.

கடைசியாக, “சாமி விஷயம், தொடாதே.” சரி, சாமியையே கேட்போம். மேல்மருவத்தூரில் மாதவிடாய் நாளிலும் பெண்கள் உள்ளே போகிறார்கள். சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு அங்கே போகிற பெண்களில் எங்கள் பக்கத்தவர்கள் ஏராளம். வெள்ளியங்கிரி அடிவாரத்து லிங்கபைரவி கோயிலிலும் தடை இல்லை என்கிறார்கள், பூசையே பெண்கள்தான் செய்கிறார்கள். வாளையார் தாண்டி கேரளத்தில் செங்கன்னூரில் பகவதிக்கே மாதவிடாய் வருவதாக நம்பி அதை விழாவாகக் கொண்டாடுகிறார்கள். அந்த அம்மன்களுக்கு இல்லாத தீட்டு நம் ஊர் மாரிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? ஆனைமலை மாசாணியம்மனிடம் பெண்கள் உடம்புச் சிக்கலைச் சொல்லி வேண்டுகிறார்கள். அவளிடம் கர்ப்பப்பையைப் பற்றிச் சொல்லலாம், கர்ப்பப்பையோடு மட்டும் போகக் கூடாதாம்.

தீட்டு எங்கிருந்து வந்தது என்பது கொங்கு நாட்டில் யாருக்கும் தெரியாததல்ல. தொட்டால் ஒட்டும் என்ற அந்தக் கணக்கைத்தான் சாதிக்கும் வைத்திருக்கிறோம். 2018 செப்டம்பர் 28 சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட், மாதவிடாயைக் காட்டி விலக்கிவைப்பதும் தீண்டாமையின் ஒரு வடிவமே என்று எழுதினார். 2025 ஏப்ரலில் கிணத்துக்கடவு பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புத் தலித் மாணவி, மாதவிடாய் என்பதால் வகுப்புக்கு வெளியே படியில் உட்கார்ந்து பரீட்சை எழுதினாள். காணொளி வெளியானதும் தலைமையாசிரியரை இடைநீக்கம் செய்தார்கள். தனியாக உட்கார வைக்கச் சொன்னதே வீட்டார்தான் என்று பள்ளித் தரப்பு சொன்னது. அது எப்படியானாலும், கேள்வித்தாளுக்கும் தீட்டு உண்டு என்று ஒரு பள்ளிக்கூடம் நம்பிய நாள் அது. தள்ளிப்போடும் மாத்திரைக்கும் அந்தப் படிக்கட்டுக்கும் நடுவில் ரொம்ப தூரமில்லை.

நாப்கின் மலிவாகச் செய்யும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த முருகானந்தம் கோவை பாப்பநாயக்கன்புதூர்க்காரர். 2016-இல் பத்மஸ்ரீ வாங்கினார், படம் எடுத்தார்கள், நாமும் பெருமைப்பட்டோம். பஞ்சு விஷயத்தில் உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த ஊர், பண்டிகை வந்தால் அந்தப் பஞ்சுக்கே வேலை இல்லாமல் செய்துவிட்டுத்தான் கோயில் வாசலைத் திறக்கிறது.

72 மணி நேரம்

இப்போது மற்ற மாத்திரைக்கு வருகிறேன். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி., ஒரே வேளை. முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுவதுதான் அதன் வேலை. ஆமாம், இதுவும் தள்ளிப்போடும் மாத்திரையே. தள்ளிப்போவது முட்டை. ஏற்கெனவே ஒட்டிவிட்ட கருவை இது ஒன்றும் செய்யாது. கருக்கலைப்பு மாத்திரைகள் வேறு, அவற்றுக்கு மருத்துவர் மேற்பார்வை சட்டப்படி கட்டாயம். இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படுவது கடைக்காரர்களிடம் மட்டுமில்லை, படித்தவர்களிடமும் உண்டு.

இரண்டு மாத்திரைகளும் வேறு வேறு மூலக்கூறுகள், மில்லிகிராமுக்கு மில்லிகிராம் ஒப்பிட முடியாது. ஆபத்தை ஒப்பிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில், அவசரக் கருத்தடைக்குத் தடையாகும் அளவுக்கு எந்த நோயும் குறிப்பிடப்படவில்லை. அதனால்தான் சீட்டு வேண்டாம் என்றார்கள். மத்திய அரசின் குடும்பநலத் திட்டத்திலும் இது இருக்கிறது. தமிழ்நாட்டில் தடை உண்டா என்று பத்திரிகைகள் கேட்டபோதெல்லாம் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் தடை ஏதுமில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். தடை இல்லை, மாத்திரையும் இல்லை. எழுதாத உத்தரவுக்கு எதிராக எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

கோவையில் ஒரு பெண்ணுக்கு அது தேவைப்பட்டால் என்ன ஆகும்? உறை கிழிந்திருக்கலாம். தினசரி மாத்திரை மறந்திருக்கலாம். அவள் சம்மதிக்காமலே நடந்திருக்கலாம். 72 மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும். முதல் நாளில் போட்டால் பலன் அதிகம், தள்ளத் தள்ளக் குறையும். வசதியுள்ளவள் பெங்களூரிலிருக்கும் தோழிக்கு ஃபோன் செய்வாள், அல்லது வாளையார் தாண்டி பாலக்காட்டுக்கு வண்டி எடுப்பாள். மில் விடுதியில் இருக்கிறவளுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வெளியே போக அனுமதி என்றால் 72 மணி நேரம் எதற்கு ஆகும்? கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் இதே கதைதான். மாத்திரையைத் தடுப்பதால் உறவு நிற்பதில்லை. கர்ப்பமும் அதன் பின் ஓடிப்போய்ச் செய்யும் கருக்கலைப்பும்தான் கூடும்.

“எல்லாருக்கும் கிடைச்சா பொண்ணுங்க கெட்டுப் போயிடும்” என்று வெளிப்படையாகச் சொல்கிறவர்களை நான் மதிக்கிறேன், குறைந்தது உண்மையைச் சொல்கிறார்கள். “ஹார்மோன் உடம்புக்குக் கெடுதிம்மா” என்று அக்கறையாகப் பேசுகிறவர்களைத்தான் தாங்க முடியவில்லை. நாற்பது மடங்கு ஹார்மோனைச் சீட்டில்லாமல் கொடுத்தபோது அந்த அக்கறை எங்கே போயிருந்தது?

என்ன கேட்கிறேன்

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் ஒரே ஒரு சுற்றறிக்கை: அவசரக் கருத்தடை மாத்திரைக்குத் தமிழ்நாட்டில் தடை இல்லை, வைத்திருப்பது குற்றமில்லை என்று ஒவ்வொரு மருந்துக்கடைக்கும் எழுத்தில் போகட்டும். வாயால் சொன்னது போதும். அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்டால் கழுத்தைப் பார்க்காமல் கொடுக்கட்டும்.

மருந்துக்கடை அண்ணன்களிடம்: எங்களைக் கோயிலுக்கு அனுப்பும்போது அந்த இரண்டு நிமிஷக் கேள்விகளைக் கேளுங்கள், சீட்டு வாங்கிவரச் சொல்லுங்கள். மற்ற மாத்திரைக்கு ஒரு கேள்வியும் வேண்டாம், கையில் கொடுங்கள்.

ஊர்ப் பெரியவர்களிடமும் கோயில் கமிட்டிகளிடமும்: பூச்சாட்டுக்கு முன்னால் கூட்டம் போடுகிறீர்கள். வரி எவ்வளவு, மைக் செட் யார், பட்டாசு எத்தனை ரூபாய்க்கு என்று பேசுகிறீர்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணை உட்கார வையுங்கள். இதையும் ஒரு விஷயமாக எடுத்துப் பேசுங்கள்.

என் வயதுப் பெண்களிடம் கடைசியாக. உங்கள் தங்கை அடுத்த பண்டிகைக்கு மாத்திரை வாங்கப் போகிறாள் என்றால், தடுக்க வேண்டாம், திட்டவும் வேண்டாம். அந்தக் கேள்விகளைக் கேளுங்கள், காலில் வீக்கம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். பிறகு, மாத்திரை போடாமல் போனால் என்ன என்றும் ஒருமுறை சேர்ந்து யோசியுங்கள். நீங்களாகச் சொன்னாலொழிய யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்த பிறகும் மாவிளக்கு அணையாது என்பதை ஊர் பார்க்கத்தான் வேண்டும். அதை முதலில் செய்து காட்டப் போகிறவர்கள் நாம்தான், வேறு யாரும் வரமாட்டார்கள்.